வான் ஏரிக்கரையில் பிறக்காத வான் பூனை

(கால்நடை மருத்துவர் ஒருவர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரையில் இரண்டு பூனைகள் தெரிகின்றன. இடப்பக்கம் இருப்பதற்கு உடம்பெல்லாம் வெள்ளை. காதுகளை ஒட்டி மட்டும் செம்பட்டை நிறம். நெற்றியில் அதைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கோடு இறங்குகிறது. வால் அடி முதல் நுனி வரை அதே செம்பட்டை. கண்கள் தேன் நிறம். வலப்பக்கம் இருப்பதில் நிறம் என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது, சுத்த வெள்ளை. ஆனால் ஒரு கண் நீலம், மற்றது தேன் நிறம்.

இரண்டுக்கும் பெயர் வான் பூனை. வான் என்பது துருக்கியில் ஓர் ஊர். முதல் பூனையை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ நடக்கும் பூனைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால், ‘டர்கிஷ் வான்’ என்று நடுவர் மேசைமேல் ஏற்றுவார்கள். அதே பூனையை வான் ஊர்க்காரர்களிடம் காட்டினால் பெரும்பாலோர் ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு வான் பூனை என்றால் வலப்பக்கம் இருக்கும் அந்த முழு வெள்ளைதான். இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக இருந்தால் இன்னும் விசேஷம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதைத் துருவிக்கொண்டு போனாலே பூனையின் முடி, நிறம், காது, குணம் எல்லாம் வழியில் வந்துவிடும்.

முதலில் ஊர். துருக்கியின் கிழக்குக் கோடியில், ஈரான் எல்லைக்குப் பக்கத்தில் வான் ஏரி இருக்கிறது. அந்த நாட்டின் ஏரிகளில் இதுதான் பெரியது. பரப்பு 3,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து 1,640 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. நெம்ருத் என்ற எரிமலை கக்கிய குழம்பு எப்போதோ தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. மலையிலிருந்து வரும் தண்ணீர் உள்ளே வருகிறதே தவிர வெளியே போவதில்லை. ஆவியாகிப் போனதுபோக உப்பும் சோடாவும் அப்படியே தங்கிவிடுகின்றன. சோப்பே போடாமல் அந்தத் தண்ணீரில் துணி துவைக்கலாம் என்பார்கள். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளி நிற மீன்தான் அந்தக் காரத்தைத் தாங்கிப் பெருகுகிறது. அதுவும் முட்டையிட வசந்த காலத்தில் நல்ல தண்ணீர் தேடி ஓடைகளில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது.

கரையில் இருக்கும் வான் ஊரில், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள உரார்த்து அரசின் கோட்டை நிற்கிறது. ஏரிக்குள் அக்தமார் தீவில் பத்தாம் நூற்றாண்டு அர்மீனியத் தேவாலயம். 1915-இல் நடந்த படுகொலைக்கும் வெளியேற்றத்துக்கும் முன்னால் இந்த ஊரில் அர்மீனியர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். இன்றைக்குப் பெரும்பான்மையோர் குர்துகள். அதனால் பூனைக்கு மூன்று பக்கமும் சொந்தக்காரர்கள். துருக்கியர் தேசியச் சொத்து என்கிறார்கள், குர்துகள் எங்கள் மண்ணின் பூனை என்கிறார்கள், அர்மீனியர்கள் எங்கள் பாட்டி வீட்டுப் பூனை என்கிறார்கள். பூனை யாருக்கும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி 1955-க்கு வருவோம். லாரா லஷிங்டன், சோனியா ஹாலிடே என்று இரண்டு பிரிட்டிஷ் பெண்கள். சோனியா புகைப்படக் கலைஞர். காரில் துருக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் கூடாரத்தில்தான் தங்கல். அந்தப் பயணத்தில் லஷிங்டனுக்கு இரண்டு பூனைக்குட்டிகள் கிடைத்தன. ஆண் குட்டியைக் கொடுத்தவர் இஸ்தான்புல்லில் ஒரு விடுதி மேலாளர். பெண் குட்டி தெற்கே சிரியா எல்லையோரம் இருக்கும் ஹதாய் மாகாணத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே அச்சு: வெள்ளை உடம்பு, செம்பட்டைத் தலை, செம்பட்டை வால்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வரைபடத்தில் இஸ்தான்புல் மேற்குக் கோடி, வான் கிழக்குக் கோடி. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஹதாயும் வானுக்கு அக்கம்பக்கம் அல்ல. 1959-இல் லஷிங்டன் இன்னும் இரண்டு பூனைகளைக் கொண்டுவந்தார். ஒன்று அந்தால்யாவிலிருந்து, மற்றது புர்துரிலிருந்து. இரண்டும் தென்மேற்குத் துருக்கி. ஆக, ‘டர்கிஷ் வான்’ என்ற இனத்துக்கு அடிபோட்ட நான்கு பூனைகளில் ஒன்றுகூட வான் ஊரைச் சேர்ந்ததல்ல. லஷிங்டன் வானில் காலடி வைத்ததே 1963-இல்தான். தங்கியது இரண்டு நாள்.

பிறகு ஏன் அந்தப் பெயர்? தெளிவான காரணம் கிடைக்கவில்லை. முதல் பெண் பூனையின் பதிவுப் பெயரிலேயே ‘வான்’ ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் தலைமைச் சபை 1969-இல் இந்த இனத்தை அங்கீகரித்தபோது வைத்த பெயர் வெறும் ‘டர்கிஷ் கேட்’. அங்காராவின் வெள்ளைப் பூனையான அங்கோராவும் துருக்கிப் பூனைதானே, குழப்பம் வருகிறதே என்று பின்னால் ‘டர்கிஷ் வான்’ ஆக்கினார்கள். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொரு குழப்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள்.

லஷிங்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாளில் வெளிநாட்டுப் பூனையைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோவது லேசான காரியமல்ல. வெறிநோய்க்குப் பயந்து ஆறு மாதம் தனிமைக் காவல். அதன் பிறகு ஈன்ற குட்டிகளும், குட்டிகளின் குட்டிகளும் அதே தலை, அதே வால் என்று மாறாமல் வருவதைத் தலைமுறை தலைமுறையாக நிரூபிக்க வேண்டும். பத்துப் பதினான்கு ஆண்டு பொறுமையாகச் செய்திருக்கிறார். துருக்கித் தெருக்களில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பூனையைப் பார்த்து, இது தனி என்று கண்டுகொண்ட கண் அவருடையது. பெயர்ப் பலகையைத்தான் வேறு ஊரில் கொண்டுபோய் நட்டுவிட்டார்.

அதன் விளைவு இன்றுவரை ஓடுகிறது. கண்காட்சிக்கான இலக்கணத்தை அந்த நான்கு பூனைகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். தலையிலும் வாலிலும் மட்டும் நிறம் இருக்க வேண்டும், உடம்பில் ஒன்றிரண்டு சிறு திட்டு இருந்தால் மன்னிக்கலாம் என்று. தோள்பட்டையில் திட்டு விழுந்தால் கடவுள் கை வைத்த அடையாளம் என்று சொல்லிப் பூரிப்பவர்களும் உண்டு. பிறகு இந்த நிற அமைப்புக்கே ‘வான்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பாரசீகப் பூனையில் அப்படி வந்தால் அது ‘வான்’ பாரசீகம். நம் தெருவில் மதில் மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூனைக்குத் தலையில் ஒரு கறுப்புத் தொப்பியும் கறுப்பு வாலும் இருந்தால், மரபியல் நூல்கள் அதையும் ‘வான்’ என்றே எழுதும். நிறம் ஒத்துப்போவதால் இனம் ஒன்றாகிவிடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

இப்போது நிறத்துக்குள் இறங்குவோம். இன்றைய பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பூனையின் உடம்பில் நிறம் எங்கெங்கே போய்ச் சேரவேண்டும் என்பதில் ‘கிட்’ என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. கரு வளரும்போது நிறமிச் செல்கள் பெருகித் தோல் முழுக்கப் பரவ வேண்டும். கிட் அதற்குத் துணை நிற்கிறது. எத்தனையோ காலத்துக்கு முன் பூனைகளின் மூதாதை ஒன்றின் மரபணுத் தொகுதிக்குள் ஒரு ரெட்ரோவைரஸ் புகுந்து தங்கிவிட்டது. அதன் பிரதி ஒன்று இந்தக் கிட் மரபணுவின் நடுவிலேயே வந்து குந்திக்கொண்டது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வைரஸின் முழு நீளம், அதாவது 7,000-க்கும் மேற்பட்ட மரபு எழுத்துகள், அங்கே இருந்தால் பூனைக்கு வெள்ளைத் திட்டு வருகிறது. தாய் வழியும் தந்தை வழியும் அதுவே வந்தால் வெள்ளை உடம்பை ஏறக்குறைய முழுதும் பிடித்துக்கொள்ளும். நிறம் தலைக்கும் வாலுக்கும் ஒதுங்கும். அதுதான் திரையின் இடப்பக்கப் பூனை. இன்னொரு வகையில், வைரஸின் பெரும்பகுதி கழன்று விழுந்து, 600 சொச்சம் எழுத்துள்ள ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டு இருந்தால் பூனை முழு வெள்ளை. ஒரே ஒரு பிரதி போதும், மற்ற நிறமெல்லாம் மறைந்துவிடும். அது வலப்பக்கப் பூனை.

ஆக, கண்காட்சிப் பூனையும் ஊர்ப் பூனையும் வெவ்வேறு என்று இத்தனை நேரம் சொன்னேன். மரபணுவைக் கேட்டால், ஒரே இடத்தில் குந்திய ஒரே வைரஸின் முழு வடிவம் ஒன்றுக்கு, மிச்சம் மற்றொன்றுக்கு. ஒரே தாய் வயிற்றில் இரண்டும் பிறக்கலாம்.

ஆனால் அந்தத் துண்டுக்கு ஒரு விலை உண்டு. உட்காதில் ஒலியை வாங்கும் பகுதி ஒழுங்காக வேலை செய்யவும் நிறமிச் செல்கள் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே காது பழுதாகிவிடும். நீலக் கண்ணுள்ள முழு வெள்ளைப் பூனைகளுக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை என்று டார்வினே எழுதிவைத்தார். இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் ஆபத்து அதிகம், ஒரு கண் மட்டும் நீலமென்றால் அதைவிடக் குறைவு, இரண்டும் தேன் நிறமென்றால் இன்னும் குறைவு. ஒற்றை நீலக் கண் பூனைக்குச் செவிடு வந்தால், பெரும்பாலும் நீலக் கண் இருக்கும் பக்கத்துக் காதுதான் போகும். தலையிலும் வாலிலும் நிறமுள்ள வான் பூனைக்கு இந்தத் தொல்லை அரிது.

ஒற்றை நீலக் கண் பூனையை இருட்டில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். தேன் நிறக் கண் பச்சையாக மின்னும், நீலக் கண் சிவப்பாக மின்னும். நீலக் கண்ணில் நிறமி இல்லாததால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களின் சிவப்பு வெளியே தெரிகிறது. பேய் பிடித்த பூனை என்று என்னிடம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டியவர் உண்டு.

முடிக்கு வருகிறேன். பூனை முடியின் நீளத்தை முக்கியமாக முடிவு செய்வது எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு. வளர்ந்தது போதும், நிறுத்து என்று சொல்வது அதன் வேலை. அது பழுதானால் முடி நீண்டுகொண்டே போகும். பாரசீகப் பூனைக்கும் வான் பூனைக்கும் இந்தப் பழுது பொது. பிறகு ஒன்று சிக்கெடுக்க ஆள் தேடுகிறது, மற்றது தானே நக்கித் தன்னைப் பார்த்துக்கொள்கிறதே, ஏன்? அடிமுடிதான் காரணம். பாரசீகத்தின் விலாவில் முடியை இரண்டு விரலால் விலக்கினால் தோல் தெரியாது. நெருக்கமான கம்பளிபோல ஒரு பஞ்சு அடுக்கு விரலைத் தடுக்கும். சிக்கு விழுவது அந்த அடுக்கில்தான். வளர்ந்த வான் பூனையின் முடியை விலக்கினால் இளஞ்சிவப்புத் தோல் உடனே தெரிந்துவிடும். முடி ஒரே அடுக்கு, வேர் வரை ஒரே மென்மை. வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் நடுவர் மேசையருகே நின்று இதைப் பார்த்தேன். அவர் ஈரக் கையை உதறியபோது நான்கைந்து துளி பூனையின் முதுகில் விழுந்தது. துளிகள் ஊறவில்லை, முடியின் நுனியில் உருண்டு நின்றன. பூனை முதுகை ஒருமுறை சிலிர்த்தது, எல்லாம் போயிற்று. ‘அரை நீளமுடி’ என்று இந்த வகைக்குப் பெயர். நீளத்தில் பாதி என்பதைவிடத் தொல்லையில் பாதி என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

வானில் குளிர்காலம் மாதக்கணக்கில் பனி, கோடை வறண்ட வெயில். பூனை அதற்கேற்ப உடுத்திக் களைகிறது. குளிரில் கழுத்தைச் சுற்றி மாலைபோல் முடி அடர்கிறது, விரல்களுக்கு நடுவிலும் காதுக்குள்ளும் குஞ்சம் முளைக்கிறது. கோடையில் மொத்தமாக உதிர்த்துவிட்டு, குட்டைமுடிப் பூனையைப்போல் நிற்கும். வால் மட்டும் புசுபுசுவென்று காட்டிக்கொடுத்துவிடும். முழு உருவம் வர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். நன்கு வளர்ந்த ஆண் பூனை ஏழெட்டுக் கிலோ வரை போகும். தோளும் மார்பும் அகலம்.

நீச்சலைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். நீந்தும் பூனை என்பதுதான் உலகம் முழுக்க இதற்கு விளம்பரம். லஷிங்டனின் பயணத்தில் கார் நின்ற இடத்தில் குட்டிகள் தாமாகவே ஓடையில் இறங்கின என்று ஒரு கதை உண்டு. ஏரியில் மீன் பிடித்துப் பிடித்து நீச்சல் படிந்துவிட்டது என்று இன்னொரு விளக்கம். இரண்டாவதை நான் நம்பவில்லை. கண்ணை எரிக்கும் சோடாத் தண்ணீரில் பூனை எதற்கு இறங்க வேண்டும்? மீன் ஓடையில் ஏறும் காலத்தில் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கைவைத்து அள்ளியிருக்கலாம், அவ்வளவுதான். கண்காட்சி வழியில் வந்த வான் பூனைகளை வளர்ப்பவர்கள் சொல்வதும் இதற்கு ஒத்துவருகிறது. குழாயடியில் காத்திருக்கும், வாளியில் கைவிட்டுக் கலக்கும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கும், பந்தைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடும். சில பூனைகள் தொட்டியில் இறங்கி நீந்தவும் செய்யும். எல்லாம் நீந்துமா என்றால், இல்லை. குளிப்பாட்டப் போனால் மற்ற பூனைகளைப்போலவே கத்தும். தானாகத் தண்ணீருக்குப் போவது வேறு, நாம் பிடித்து முக்குவது வேறு.

குணத்திலும் இதே கதை. மடியில் சுருண்டு படுக்கும் பூனை வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள். இது தூக்கினால் திமிறும், பக்கத்தில் வந்து உட்காரும். அலமாரியின் உச்சியில்தான் இருப்பிடம். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏதாவது ஒன்றை உருட்டிக்கொண்டிருக்கும்.

வான் ஊர்க்காரர்கள் தங்கள் வெள்ளைப் பூனையை விட்டுவிடவில்லை. ஊரின் நுழைவாயிலில் தாய்ப் பூனையும் குட்டியுமாக ஒரு பெரிய சிலை வைத்திருக்கிறார்கள், கண்கள் இரண்டு நிறம். அங்கிருக்கும் யுசுன்ஜு யில் பல்கலைக்கழகத்தில் இந்தப் பூனைக்கென்றே ஓர் ஆய்வு மையமும் பூனை வீடும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிறந்த குட்டியின் இரண்டு காதுக்கும் நடுவில் கரும்புள்ளி இருந்தால் கண்கள் இரண்டு நிறமாக வரும் என்று. முழு வெள்ளைக் குட்டிகளின் உச்சந்தலையில் அப்படி ஒரு புள்ளி தோன்றி, வளர்ந்தபின் மறைந்துபோவது உண்மைதான். கண் நிறத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். 2010-இல் துருக்கியில் உலகக் கூடைப்பந்துப் போட்டி நடந்தபோது அதன் சின்னமாக வந்ததும் இரண்டு நிறக் கண்களுள்ள இந்தப் பூனைதான். பூனையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் துருக்கி அரசு தடை போட்டிருக்கிறது. பிரிட்டிஷ் சபையும் பின்னாளில் முழு வெள்ளையைத் தனிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கடைசியாக, ‘கடைசியில் வருகிறேன்’ என்று முன்னே சொன்ன விஷயம். சில ஆண்டுகளாக என் மருத்துவமனைக்கு வெள்ளைக் குட்டிகள் வருகின்றன. ‘டாக்டர், இது துருக்கிப் பூனை, இணையத்தில் பார்த்து வாங்கினோம்’ என்பார்கள். கொடுத்த விலையைக் கேட்டால் தலை சுற்றும். தாய் யார், தந்தை யார் என்று எந்தச் சபையின் பதிவுச் சீட்டும் கையில் இருக்காது. சீட்டு இல்லாவிட்டால் அது வெள்ளைப் பூனை, அவ்வளவே. நல்ல பூனையாக இருக்கும், அன்பாக வளருங்கள், ஆனால் வெள்ளைப் பூனைக்கான விலையை மட்டும் கொடுங்கள். தலையில் தொப்பியும் வாலில் நிறமும் இருப்பதால் மட்டும் விலை ஏறக்கூடாது, அந்தத் தொப்பி உங்கள் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

முழு வெள்ளைக் குட்டி வாங்கினால், ஒன்றரை இரண்டு மாதத்தில் காதைச் சோதித்துப் பாருங்கள். கை தட்டிப் பார்ப்பது சரியான முறையல்ல, காற்று மீசையில் பட்டே திரும்பிவிடும். காலால் தரையை மிதிக்கவும் கூடாது, அதிர்வு தெரியும். குட்டி வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு காது மட்டும் போயிருந்தால் இதில் பிடிபடாது; அதற்கு மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் கேட்காவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் நன்றாகவே வாழும். சாப்பாட்டுக்கு விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டுக் கூப்பிடப் பழக்கலாம். தெருவில் மட்டும் விடாதீர்கள், பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் அதற்குக் கேட்காது.